கோமளா போடும் இரண்டு முடிச்சு

அன்புள்ள மகனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன். கறிக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். நீ நன்றாகத்தான் இருப்பாய். நன்றாக இல்லாதது நான்தான். நீ பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுப் போன வார்த்தை அன்று முதல் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நீயும் அதைப் பார்த்துத்தான் சொன்னாயோ என்னவோ. அம்மா வாயைத் திறந்தால் பஸ்ஸைவிடச் சத்தமாக இருக்கும் என்பது உனக்குத் தெரியாததா?

"அம்மா, தாலி முடிச்சு கோமளா போட வேணாம்மா. வசந்தா அக்கா போடட்டும். கம்பெனிலேர்ந்து எல்லாரும் வராங்க. இவ கைல எது நிக்குது சொல்லு?" இதுதான் நீ சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறேன், நான் கூட்டிச் சொன்னேன் என்று நாளைக்குச் சொல்லாதே. கோமளா அப்போது என் பக்கத்தில் உன் சாப்பாட்டுக் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேரியரை உன்னிடம் பத்திரமாகக் கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. நீ அதைப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். அவள் கையிலிருந்து விழுவதுதான் உனக்குத் தெரியும்.

என் பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதைப் பிறகு படித்துக்கொள். வருகிற தை மாதம் உன் கல்யாணத்தில் முதல் முடிச்சை நீ போடுவாய். மற்ற இரண்டையும் உன் கூடப்பிறந்த தங்கச்சி போடுவாள். உன் பெரியப்பா மகள் வசந்தா நல்ல பெண்தான், டைப்ரைட்டிங் எல்லாம் படித்திருக்கிறாள், விரல் வேகம்தான். அவள் வரட்டும், முன் வரிசையில் உட்காரட்டும், அட்சதை போடட்டும். நாத்தனார் முடிச்சு போட எனக்கு ஒரு பெண் இருக்கும்போது இரவல் பெண் வேண்டாம். இதில் பேச்சு இல்லை.

நீ கோபப்படுவாய். "சொன்னாப் புரியாது இந்த அம்மாவுக்கு" என்பாய். சரி, எனக்குப் புரிந்ததை நான் சொல்கிறேன், கேள். நீ உன்னையே ஒருநாளும் பார்த்ததில்லை. அவரவர் குழந்தையாக இருந்ததை அவரவர் பார்க்க முடியாது. அதைப் பார்த்தவள் நான். எனவே கம்பெனி சூப்பர்வைசர் ஐயா கொஞ்சம் உட்கார்ந்து தன் கதையையும் படிக்கட்டும்.

உனக்கு மூன்று வயது இருக்கும்போது உங்கப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மண்ணூர் ஏரிக்கரைமேல் நடப்பார். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் பெங்களூர் ரோடு தெரியும். லாரிகள் எறும்பு மாதிரி போகும். ஒருநாள் நீ அதைக் காட்டி, "நைனா, அந்தச் சின்ன லாரி எனக்கு வேணும், எட்த்தா" என்று அழுதாய். அவர் அது பெரிய லாரிதான், தூரத்தில் இருக்கிறதால் அப்படித் தெரிகிறது என்று சொல்லிப் பார்த்தார். நீ கையை நீட்டி இரண்டு விரலில் பிடித்துக் காட்டினாய், இவ்வளவுதான் கீது, ஏன் தரமாட்டேன்கிறாய் என்று. மூன்று நாள் ஓயாத அழுகை. கடைசியில் உன்னைத் தண்டலம் கூட்டுரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். லாரி ஆர்ன் அடித்துக்கொண்டு கிட்டே வரவர, நீ அலறின அலறலில் டீக்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். "இது இல்ல, இது வேற, அது சின்னது" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாய். உன் கண் அப்போது அவ்வளவுதான். கண் திறந்தே பிறக்கிறோம், ஆனால் பார்க்கக் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகின்றன. தூரத்தில் இருப்பது ஏன் சின்னதாகத் தெரிகிறது என்று உனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஏரிக்கரையில் ஓடி ஓடி, மாட்டைக் கிட்டேயும் தூரத்திலும் பார்த்துப் பார்த்து, ஒருநாள் தானாகப் பிடிபட்டது. அன்றைக்கு உன்னை யாரும் மந்தம் என்று சொல்லவில்லை. சிரித்தோம். ஊரே சிரித்தது. இப்போதும் உங்கப்பா லாரியைப் பார்த்தால் "தோ பார், உன் புள்ள கேட்ட லாரி" என்பார்.

இன்னொன்று. நாலு வயதில் உன்னிடம் சொம்பில் தண்ணீர் கொடுத்து அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடு என்பேன். நீ இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நடப்பாய். நல்லபடியாகப் போவாய். நடுவில் யாராவது, "இன்னாடா பையா, எங்க போற?" என்று கேட்டால் போச்சு. நின்று, அவர் முகத்தைப் பார்த்து, பதில் சொல்வாய். சொம்பு சாய்ந்து தண்ணீர் முழுவதும் உன் காலில் கொட்டும். கொட்டியது உனக்கே தெரியாது. தெரிந்ததும் சொம்புமேல் கோபித்துக்கொள்வாய். உன் வாய் வேலை செய்தால் கை நின்றுவிடும், கை வேலை செய்தால் காது அடைத்துவிடும். எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான். எதைக் கவனிப்பது, எதை விடுவது என்பது ஒரு சல்லடை. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சல்லடையில் ஓட்டை பெரிதாக இருக்கிறது. எல்லாம் உள்ளே விழுந்துவிடும். வளர வளரத்தான் ஓட்டை சின்னதாகும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உன் காலில் கொட்டின தண்ணீரைத் துடைத்துத் துடைத்து நானே தெரிந்துகொண்டது.

கோமளா பிறந்தபோது உனக்கு ஊர் தெரிந்த வயது. உனக்கும் அவளுக்கும் நடுவில் என் வயிற்றில் எதுவும் தங்கவில்லை, அது உனக்குத் தெரியும். அதனால் அவள் கைகால் அசைவது ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நீ எல்லாம் சீக்கிரம். சீக்கிரம் குப்புற விழுந்தாய், சீக்கிரம் தவழ்ந்தாய், பொரியைத் தரையில் இறைத்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கோழி மாதிரி பொறுக்குவாய். அவள் எல்லாம் நிதானம். பொரியை உள்ளங்கையால் வாரி வாரி எடுப்பாள், பாதி கையிலிருந்து நழுவும், அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு விரலால் ஒரு பொரியை எடுத்த அன்று அதை வாயில் போடக்கூட மறந்து என்னிடம் தூக்கிக் காட்டினாள். நான் போய் அந்தப் பொரியைத் தின்றேன். அழுதாள்.

நடக்கவும் தாமதம்தான். ஊரில் சும்மா இருப்பார்களா? ஏரிமண்ணில் குழி வெட்டி இடுப்பு வரைக்கும் நிறுத்தி வை, கால் ஊன்றும் என்று ஒருத்தி வாரம் தவறாமல் வந்து சொல்வாள். உங்கப்பாகூட மண்வெட்டியைப் பார்த்தார். "முதல்ல உன் மாமியாரை நிக்க வச்சுப் பாரு, அதுங்கூட தான் நடக்க மாட்டேன்னுது" என்றேன். அதோடு அவள் இந்தப் பக்கம் வருவதை விட்டாள். கோமளா தன் நாளில் நடந்தாள். உன் பழைய நடைவண்டி பரண்மேல்தான் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன், அவள் தள்ளவில்லை, கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி எதற்கு என்று நாம் நினைத்தது வேறு, அவள் நினைத்தது வேறு.

இப்போது நான் எழுதப்போவதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். உனக்கு இது தெரியாது. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து முடிந்ததும் அழைத்துப்போனேன். பிறந்த தேதி எழுதிவைக்கிற வழக்கம் நம் வீட்டில் ஏது? பெரிய வாத்தியார் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிறதைத்தான் உனக்கும் செய்தார். "வலது கையத் தலைக்கு மேல கொண்டாந்து இடது காதைத் தொடு" என்றார். உனக்குத் தலை பெரிது, கை குட்டை. உங்கப்பா ஜாடை. எக்கி எக்கிப் பார்த்தாய், உச்சிக்கு இந்தப் பக்கம் விரல் நின்றுவிட்டது. "எட்டலம்மா, அடுத்த வருசம் கூட்டியா" என்றார். அடுத்த வருஷமும் எட்டவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் காலையில் உன் கைக்கு விளக்கெண்ணெய் தேய்த்து இழுத்தேன். நீ "வலிக்குதும்மா" என்று கத்துவாய். நம் தெருவில் நான் மட்டுமல்ல, நாலு வீட்டில் இப்படிப் பிள்ளை கையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்தா கை நீளும்? அதற்கடுத்த வருஷம் அது தானே எட்டியது. அப்போது உனக்கு ஏழு முடிந்திருந்தது. வகுப்பிலேயே நீதான் பெரியவன். ஓடி ஆடி, கில்லி அடித்து, விரல் நன்றாகத் தேறின பிறகு பலப்பத்தைப் பிடித்தாய். "அ" போடச் சொன்னால் ஒரே இழுப்பில் போட்டாய். வாத்தியார் "உம் புள்ள கெட்டிக்காரன்" என்றார். முதல் ரேங்க். கடைசிவரை முதல் ரேங்க். உன் பேர் அன்றைக்கு விழுந்தது, இன்று வரைக்கும் ஓடுகிறது.

கோமளாவை அழைத்துப்போனபோது அவளுக்கு ஐந்து நிரம்பவில்லை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அவளுக்கு என் வீட்டு ஜாடை, கொக்கு மாதிரி கைகால். அதே பெரிய வாத்தியார், அதே கட்டளை. அவள் கையைத் தூக்கினாள், விரல் போய்க் காதைப் பிடித்துக்கொண்டது. காதைத் திருகியே காட்டினாள். வாத்தியார் சிரித்து உடனே பேர் எழுதிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்கு இரண்டு வருஷம் எட்டாதது இவளுக்கு முதல் தடவையே எட்டிவிட்டது என்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். நீயும் ஒரு கை அள்ளித் தின்றாய். கை நீளத்தை அளந்தார்கள். விரல் தேறியதா, ஒரு இடத்தில் உட்கார வருமா, பத்துச் சத்தத்தில் ஒரு சத்தத்தைப் பிடிக்க வருமா என்று யார் அளந்தார்கள்? வாத்தியாரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கு இருந்தது அந்த ஒரு அளவுகோல். சர்க்கரை கொடுத்தவள் நான்.

நம் பள்ளிக்கூடம் உனக்குத் தெரியும். ஒரே நீளக் கூடம். இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் தட்டிகூடக் கிடையாது. ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஒரு பக்கம் பாட்டு. நீ போகும்போது உன் வயதுக்கு அதில் உன் வாத்தியார் குரலை மட்டும் பிரித்துக் கேட்க வந்தது. இவளுக்கு எல்லாக் குரலும் ஒரே உயரம். வீட்டுக்கு வந்து இரண்டாம் வகுப்பு வாய்ப்பாட்டைச் சொல்வாள். தன் வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிப்பாள். பலப்பத்தை ஐந்து விரலாலும் உலக்கை மாதிரி பிடிப்பாள். அழுத்தி அழுத்தி ஒடித்துவிடுவாள். "ட" போடச் சொன்னால் அது ஒருநாள் இந்தப் பக்கம் பார்க்கும், ஒருநாள் அந்தப் பக்கம் பார்க்கும். அவளைவிட ஒன்றரை வயது, இரண்டு வயது பெரிய பிள்ளைகள் பக்கத்தில் வரிவரியாக எழுதிக்கொண்டிருப்பார்கள். வருஷக் கடைசியில் வாத்தியார் சொன்னார், "உம் பொண்ணு கொஞ்சம் மந்தம்மா." அவளுக்கும் அன்றைக்குப் பேர் விழுந்தது.

நான் நேராகப் பெரிய வாத்தியாரிடம் போனேன். இவளை மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வையுங்கள் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் பாஸ் போடச் சொல்லித்தாம்மா வருவாங்க. நீ ஒருத்திதான் பெயில் போடச் சொல்லி வந்து நிக்கிற" என்றார். "சோறு வேகலைன்னா இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல வைப்பமா, அரிசிய வைவமா ஐயா?" என்று கேட்டேன். யோசித்தார். சரி என்றார், நல்ல மனுஷன். அந்த இரண்டாவது ஒன்றாம் வகுப்பில் பலப்பம் ஒடியவில்லை. "ட" ஒரே பக்கம் பார்த்தது. இதைப் பார்க்க நீ இல்லை. நீ அப்போது ஸ்ரீபெரும்புதூர் ஹைஸ்கூலில் பெரிய வகுப்பு. உன் சிநேகிதர்கள், "உன் தங்கச்சி ஒண்ணாங்கிளாஸ்லயே பெயிலாமே" என்று கேலி செய்ததாக வந்து, புத்தகப் பையை வீசி எறிந்து, என்னிடம் சண்டை போட்டாய். நான் காரணம் சொல்லவில்லை. அந்த வயதுப் பையனிடம் காரணம் சொல்லி ஜெயிக்க முடியுமா? இப்போது சொல்கிறேன். நீ கெட்டிக்காரன், அவள் மந்தம் என்று நம் வீட்டில் இத்தனை நாள் ஓடுகிற பேச்சு எதிலிருந்து வந்தது? உன் கை குட்டை, அவள் கை நீளம். அவ்வளவுதான். உன் கை கொஞ்சம் நீளமாக இருந்து, ஐந்து வயதில் அந்தக் கூடத்தில் உன்னை உட்கார வைத்திருந்தால், அந்தப் பேர் யாருக்கு விழுந்திருக்கும் என்று இன்று ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வா.

அவள் விரல் வேலைக்குப் பழகினது பள்ளிக்கூடத்தில் இல்லை, என் கீரைப் பாத்தியில். நான் சந்தைக்குக் கீரை கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கட்டுவாள். ஈர வாழைநார், வழுக்கும். ஒரு கையால் கீரையை அணைத்துக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி, நார் முனையை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். இறுக்கினால் தண்டு நசுங்கும், தளர்த்தினால் அவிழும். அவள் முதலில் கட்டினதெல்லாம் பஸ்ஸில் போகும்போதே அவிழ்ந்து கொட்டும். கண்டக்டர், "இன்னாம்மா, பஸ்ஸுக்குள்ளயே வெதைக்கிறியா?" என்பார். நான் அவளிடம் இதைச் சொல்லவில்லை. அப்படிப் பிடி, இப்படி இழு என்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியுமே. ரொம்ப நாள் தன் விரலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, நாக்கை நீட்டிக்கொண்டு கட்டினாள். உன் சொம்பு நாக்கேதான், அண்ணன் தங்கை இல்லையா? பிறகு ஒருநாள் பார்க்கிறேன், கை கட்டிக்கொண்டிருக்கிறது, கண் வேலியில் ஏறுகிற ஓணானைப் பார்க்கிறது, வாய் என்னிடம் பள்ளிக்கூடத்துக் கதை சொல்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டை எடுத்து உதறினேன், ஒரு தண்டு அசையவில்லை. இப்போது சந்தையில் என் கட்டும் அவள் கட்டும் கலந்துதான் போகிறது. வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பாய். நடந்ததை நானும் பார்த்தேன். பெண் வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் தட்டு நிறையக் காபி டம்ளர் எடுத்து வருகிறாள். நீ அந்தப் பக்கத்திலிருந்து, "முதல்ல மாமாவுக்குக் குடு" என்றாய். நான் அடுப்படியிலிருந்து, "கோமு, சர்க்கரை வச்சியா?" என்றேன். பெண்ணின் அத்தை, "எந்தக் கிளாஸ் படிக்கிற கண்ணு?" என்று கேட்டார். மரியாதை தெரிந்த பிள்ளை, கேட்ட பெரியவர் முகத்தைப் பார்த்து "எட்டாவதுங்க" என்றாள். தட்டு சாய்ந்தது, உன் மாமனார் வேட்டியில் கொட்டியது. அவர் சிரித்துக்கொண்டே, "கல்யாண வூட்ல காப்பி கொட்றது சகுனந்தாம்மா, அழாத" என்றார். உன் மாமனாரை அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் பிடித்தது. நீ சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தாய் ஒரு பார்வை. உன் கம்பெனியில் மெஷினில் நிற்கிற ஆளை மூன்று சூப்பர்வைசர் மூன்று பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அவன் கையிலிருக்கிற ஜாப் என்ன ஆகும்? அவனை மந்தம் என்பாயா, அந்த மூன்று பேரைக் கேட்பாயா? கொட்டியது அவள் கைதான். தட்டிவிட்டது நாம் மூன்று பேர்.

உனக்கும் நாளைக்குப் பிள்ளைகள் பிறக்கும். இப்போதே சொல்லிவைக்கிறேன். ஒன்று சீக்கிரம் நடக்கும், ஒன்று தாமதமாக நடக்கும். சீக்கிரம் நடந்ததைத் தூக்கித் தலையில் வைக்காதே, தாமதமாக நடந்ததைக் குழியில் நிறுத்தாதே. அது எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கூப்பிடாதே. தண்ணீர் கொண்டுவரும்போது கேள்வி கேட்காதே. கொட்டினால் துணியைக் கொடு, அதுவே துடைக்கட்டும். பேர் வைக்கிற அன்றைக்கு வைத்த பேர் போதும், அதற்கு மேல் வேறு பேர் எதுவும் வைக்காதே. அறிவுரை இவ்வளவுதான்.

மண்டபத்தில் மேளம் கொட்டும், எல்லாரும் கத்துவார்கள், அந்தச் சத்தத்தில் இவள் விரல் நின்றுவிடும் என்றுதானே உன் பயம்? கயிறு மஞ்சள் ஈரத்தில் வழுக்கும் என்று பயம். கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று அவசரப்படுத்துவார்கள் என்று பயம். உன் கம்பெனிக்காரர்கள் பார்க்க, முடிச்சு அவிழ்ந்து அபசகுனம் ஆகிவிடும் என்று பயம். வாய்விட்டு நீ சொல்லவில்லை, ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? சரி. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

போன ஆடிப்பெருக்கன்று எனக்குத் தாலிக் கயிறு மாற்ற வேண்டியிருந்தது. அதே நாளில் நம் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். எதிர் வேப்பமரத்தில் ரேடியோ செட்டுக் குழாயைக் கட்டி, அதை நம் வாசலைப் பார்த்துத் திருப்பியிருந்தார்கள். பம்பை வேறு. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பழைய கயிறு கழுத்தில் இருக்க, தாலியைக் கோத்த புதுக் கயிற்றில் மஞ்சள் தேய்த்து, கோமளாவைக் கூப்பிட்டு, "பின்னால நின்னு கட்டு" என்றேன். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பதறினார்கள். கல்யாணமாகாத பெண், அதிலும் இது, எதற்கு வம்பு, புருஷன் உயிர் சமாசாரம் என்றார்கள். என் கழுத்து, என் தாலி, என் மகள் என்றேன். உங்கப்பா கூழ்ச் சொம்பும் கையுமாக வாசலில் நின்று பார்த்தார். அவர் உயிரைத்தானே சொல்கிறார்கள், அவரே சொல்லட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "கட்டட்டும், யாரு கட்னா இன்னா" என்றார். கோமளா கட்டினாள். அந்தச் சத்தத்தில், அத்தனை பேர் பார்க்க, வழுக்குகிற கயிற்றில். கட்டும்போதே, "அம்மா, பின்னாடி உனக்கு ஒரு நரை முடி கீது" என்று என் காதில் கத்திச் சொன்னாள். பிறகுதான் பழைய கயிற்றைக் கழற்றினேன்.

தீபாவளிக்கு நீ வந்தாய். என் எதிரில் மணையில் உட்கார்ந்து தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டாய். அப்போது என் கழுத்தில் இருந்தது அந்தக் கயிறுதான். உங்கப்பா புதுக் கம்பெனி கட்டுகிற இடத்தில் சாரத்தில் ஏறி இறங்கிக் கொத்து வேலை பார்க்கிறார், ஒரு காய்ச்சல்கூட இல்லை. நான் தினமும் குனிகிறேன், கீரை அறுக்கிறேன், தண்ணீர் இறைக்கிறேன், கட்டைத் தலையில் சுமக்கிறேன். கயிறு இன்னும் இருக்கிறது. உங்கப்பா எனக்குப் போட்ட முதல் முடிச்சு எப்படி இருந்தது தெரியுமா? கை நடுங்கி, பாதியில் விட்டுவிட்டார். தாங்கியது உன் அத்தை போட்ட இரண்டு முடிச்சுதான். நீ அவர் பிள்ளை. உன் கையும் நடுங்கும். நடுங்கினால் பரவாயில்லை, நீ ஒன்று போட்டுவிட்டு நகர்ந்துகொள். பின்னால் அவள் நிற்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை எடுக்க வருவாய் அல்லவா? வந்ததும் என் பின்னால் வந்து நின்று அந்த முடிச்சை உன் கையால் ஒரு தடவை அவிழ்த்துப் பார். அவிழ்ந்தால் வசந்தாவுக்குப் பட்டுப்புடவை நானே எடுக்கிறேன்.

உன் அம்மா